விலை சந்தைக்கு, விதி அரசுக்கு

2025 டிசம்பரில் உள்நாட்டு விமானக் கட்டணங்களுக்கு ஒன்றிய அரசு உச்சவரம்பு விதிக்க நேர்ந்தது, கட்டுப்பாடற்ற சந்தை தன்னைத்தானே சீர்செய்துகொள்ளும் என்ற வாதத்துக்குக் கிடைத்த மறுப்பாகும். இதற்கு இட்டுச்சென்ற நெருக்கடி எதிர்பாராததல்ல. விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்திய விதி 2024 ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்டது. ஆனாலும் இண்டிகோ விமான நிறுவனம் அதற்குப் போதிய முன்னேற்பாடு செய்யவில்லை. ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாக, பிற நிறுவனங்களின் கட்டணம் பல மடங்கு எகிறியது. அதன்பிறகே 500 கி.மீ. வரை ரூ.7,500, 1,500 கி.மீ.க்கு மேல் ரூ.18,000 என்ற வரம்புகள் வந்தன. 1994இல் தனியாருக்கு வானம் திறக்கப்பட்டதால் சேவையும் போட்டியும் பெருகியதை மறுப்பதற்கில்லை. நிரந்தர விலைக் கட்டுப்பாடு சேவைகளைச் சுருக்கிவிடும் என்ற அச்சமும் நியாயமானதே. ஆனால், 60 விழுக்காட்டுக்கும் மேலான சந்தை ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கும்போது பயணிக்கு வேறு போக்கிடம் ஏது? அதைவிடக் கவலைக்குரியது, விதியை மதிக்காத அந்த நிறுவனத்துக்கே விமானிகளின் இரவுப் பணி விதிகளிலிருந்து தற்காலிக விலக்கு அளிக்கப்பட்டதுதான். பயணிகளின் உயிர்ப் பாதுகாப்புக்கான விதி பேரத்துக்குரியதல்ல. விலையைச் சந்தை தீர்மானிக்கட்டும். போட்டியையும் பாதுகாப்பையும் அரசே உறுதிசெய்ய வேண்டும். புதிய விதிகளுக்கேற்பப் போதிய விமானிகள் இருக்கிறார்களா என்று சரிபார்த்த பின்னரே பயண அட்டவணைகளுக்கு ஒப்புதல் தர வேண்டும். ரத்தாகும் பயணங்களுக்கு உரிய இழப்பீட்டையும் கட்டாயமாக்க வேண்டும். நெருக்கடி முற்றிய பிறகு விழித்துக்கொள்வது நிர்வாகம் ஆகாது.