முக்கால் கால்சட்டையும் மடித்துக் கட்டிய முண்டும்

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் திருவனந்தபுரத்தின் கரமனைச் சந்திப்பில் இரண்டு உடைகள் ஏறத்தாழ ஒரே உயரத்துக்கு வந்துவிடுகின்றன. பேருந்துக்குக் காத்திருக்கும் ஆண்கள் முண்டின் கீழ்விளிம்பைத் தூக்கி இடுப்பில் மடித்துக் கட்டிக்கொள்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே கால் முழுவதும் தெரிகிறது. அவர்களுக்கு அருகே நிற்கும் கல்லூரி மாணவியரில் சிலர் கணுக்காலுக்கு நான்கு விரற்கடை மேலேயே முடிந்துவிடும் கால்சட்டை அணிந்திருக்கிறார்கள். கடைகளில் அதற்கு ‘த்ரீ ஃபோர்த்’, ‘காப்ரி’ என்று பெயர். தேங்கிய நீரிலும் சேற்றிலும் துணி நனையாதிருப்பதே இரண்டின் பயனும். ஆனால் ‘இது எடுப்பாக இருக்கிறதா?’ என்ற கேள்வி இரண்டில் ஒன்றை நோக்கி மட்டுமே எழுகிறது.

முக்கால் கால்சட்டை பெண்களுக்கு எடுப்பாக இருக்குமா, இராதா என்பது அற்பமான கேள்வி என்று ஒதுக்கிவிடலாம். ஆயினும் விடுதி அறை முதல் வாய்மொழித் தேர்வு அரங்கு வரை பெண் ஆய்வாளர்களைப் பின்தொடரும் கேள்வி அது. அது அழகைப் பற்றிய கேள்வியாகத் தோன்றுகிறது. அதன் தொடரமைப்பைச் சற்று நின்று கவனித்தால் வேறொன்று புலப்படும்.

‘இந்தக் கால்சட்டை அவளைக் குள்ளமாகக் காட்டுகிறது’ என்பது இவ்விவாதத்தில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். ‘காட்டு’ என்பது ‘காண்’ என்னும் வினையின் பிறவினை. காட்டுதல் என்றால் ஒருவரைக் காணச் செய்தல். இவ்வாக்கியத்தில் உடை எழுவாய், பெண் செயப்படுபொருள். காண்பவர் யார்? ‘யாருக்குக் காட்டுகிறது?’ என்ற வினாவுக்கு விடையாக வரவேண்டிய நான்காம் வேற்றுமைப் பெயர் வாக்கியத்தில் இல்லை. தமிழில் இத்தகைய விடுபாடு பிழையன்று. சொல்லாமலே விளங்குவதை விட்டுவிடுவது மொழியின் இயல்பு. ஆனால் இங்கே சொல்லாமலே விளங்குவதாகக் கொள்ளப்படுவது ஒரு பார்வையாளரின் அதிகாரம். விடுபட்ட சொல்லைத் திரும்ப வைத்துப் பார்க்கலாம்: ‘தெருமுனையில் நிற்பவருக்கு அவளைக் குள்ளமாகக் காட்டுகிறது’, ‘பெண் பார்க்க வருபவருக்கு அவளைக் குள்ளமாகக் காட்டுகிறது’, ‘நெறியாளருக்கு அவளைக் குள்ளமாகக் காட்டுகிறது’. உலகப் பொதுவுண்மைபோல் ஒலித்த கூற்று, உடனே குறிப்பிட்ட ஒருவரின் கருத்தாகச் சுருங்கிவிடுகிறது. அக்கருத்துக்கு அந்தப் பெண் ஏன் கட்டுப்பட வேண்டும் என்ற அடுத்த கேள்வியும் தானே எழுகிறது.

உடலுக்கு எடுப்பாக அமையும் ஆடையைப் பாராட்ட ஆங்கிலத்தில் ‘ஃப்ளாட்டரிங்’ என்பார்கள். முகத்துதி செய்தலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. முகத்துதி என்பது உள்ளதை மிகுத்துச் சொல்லுதல். ஆடை முகத்துதி செய்யவேண்டும் என்று எதிர்பார்க்கும்போதே, உடல் உள்ளபடி போதாது என்ற தீர்ப்பு முன்கூட்டியே வழங்கப்பட்டுவிடுகிறது.

இத்தீர்ப்புக்கு ஒளியியல் சாயம் பூசுவதும் உண்டு. கெண்டைக்கால் மிகத் தடித்திருக்கும் இடத்தில் ஆடையின் விளிம்பு முடிந்தால் கால் குட்டையாகத் தெரியும் என்பது அழகுக் குறிப்புகளின் நிலையான அறிவுரை. சில உடல்வாகுகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இத்தகைய குறிப்புகள் விதிகளாகப் பரவும் வேகத்தில் சோதிக்கப்படுவதில்லை. கிடைக்கோடு போட்ட துணி உடலைப் பருமனாகக் காட்டும் என்பதும் இதே போன்றதொரு ‘விதி’தான். கிடைக்கோடுகளால் நிரப்பிய சதுரம் செங்குத்துக் கோடுகளால் நிரப்பியதைவிட உயரமாகவும் ஒடுங்கியும் தோன்றும் என்று ஹெர்மன் ஃபொன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துக்காட்டினார். 2011இல் யார்க் பல்கலைக்கழகத்தின் பீட்டர் தாம்ப்சனும் கைரியாக்கி மிகெலிடுவும் வெளியிட்ட ஆய்வும் ஆடை பற்றிய அப்பொது நம்பிக்கைக்கு ஆதரவளிக்கவில்லை. கண்ணின் இயல்பு என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி வெறும் பழக்கம் என்பதற்கு இது போதுமான சான்று. அன்றியும், கால் குட்டையாகத் தெரிகிறது என்பது ஒரு விவரணை. கால் நீண்டு தெரியவேண்டும் என்பது ஒரு மதிப்பீடு. முன்னதை நிறுவினால் பின்னதும் நிறுவப்பட்டுவிடாது.

காப்ரியின் வரலாறும் இதைத் தெளிவாக்குகிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பின், 1940களின் இறுதியில், ஜெர்மானிய வடிவமைப்பாளர் சோன்யா டி லெனார்ட் இவ்வுடையை உருவாக்கியதாகக் கூறுவர். பெயர் இத்தாலியத் தீவு ஒன்றிலிருந்து வந்தது. 1950களில் ஆட்ரி ஹெப்பர்ன் அணிந்தபோது அது நாகரிகத்தின் அடையாளமாயிற்று. 1961இல் தொடங்கிய ‘தி டிக் வான் டைக் ஷோ’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் மேரி டைலர் மூர் ஏற்ற இல்லத்தரசி வேடம் அதே உடையை அணிந்தபோது விளம்பரதாரர்களுக்குச் சங்கடம் உண்டாயிற்று. வீட்டுவேலை செய்யும் பெண்கள் உண்மையில் அணிவதையே தாமும் அணிந்ததாக மூர் பின்னாளில் விளக்கினார். பத்தாண்டுக்குள் ஒரே வெட்டுடைய துணி ஒரு பெண்ணுக்கு நேர்த்தியும் இன்னொரு பெண்ணுக்குத் துடுக்குமாயிற்று. துணியின் நீளம் மாறவில்லை. அணிந்தவள் யாராக இருக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பே மாறியிருந்தது.

மொழியியல் மாணவர்களுக்கு இங்கே ஒரு பழைய நூல் துணைபுரியும். பிராக் மொழியியல் வட்டத்தைச் சேர்ந்த பியோத்தர் பொகத்திரியோவ் 1937இல் மொராவிய ஸ்லோவாக்கியப் பகுதியின் நாட்டார் உடை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். உடை ஒரே நேரத்தில் பொருளாகவும் குறியாகவும் இருக்கிறது. அதற்குப் பயன்பாடு, அழகு, சமூகத் தகுதி, வட்டார அடையாளம் எனப் பல செயற்பாடுகள் உண்டு. அன்றாட உடையில் பயன்பாடு முதலிடம் பெறும், திருவிழா உடையில் வேறொன்று முதலிடம் பெறும். செயற்பாடுகளின் வரிசை மாறும்போது உடையின் பொருளும் மாறும் என்பதே அவருடைய வாதத்தின் சாரம்.

கரமனைச் சந்திப்பை இந்த அளவுகோலால் பார்க்கலாம். மடித்துக் கட்டிய முண்டில் முதலிடம் பயன்பாட்டுக்கு. அடுத்தது சமூகத் தகுதி: மூத்தவரோ மதிப்புக்குரியவரோ எதிரே வந்தால் மடிப்பை அவிழ்த்து விடுவது மரியாதை. எனவே ஆணின் கெண்டைக்காலும் குறி சுமக்கவே செய்கிறது. ஆனால் அது சுமப்பது மரியாதை பற்றிய குறி. அக்கால் பார்வைக்கு நன்றாக இருக்கிறதா என்பது அந்த வரிசையில் இடம்பெறுவதே இல்லை. ஒல்லிக் காலோ தடித்த காலோ, முண்டு மடிக்கப்படுகிறது. மாணவியின் முக்கால் கால்சட்டையில் அதே பயன்பாடு இருந்தும் வரிசை தலைகீழாகிறது. அழகு முதலிடத்துக்கு உயர்த்தப்படுகிறது. அவளே உயர்த்தியிருந்தால் குறையில்லை, பார்ப்பவர் அவளுக்காக உயர்த்திவிடுகிறார்.

இது மரபின் குரல் என்றும் சொல்வதற்கில்லை. கரமனை அக்கிரகாரத்தின் முந்தைய தலைமுறைப் பெண்கள் உடுத்திய ஒன்பது கஜ மடிசார், இரு கால்களையும் தனித்தனியே சுற்றிக் கட்டப்படும் உடை. வேலை நேரத்தில் தூக்கிச் செருகினால் கெண்டைக்கால் தெரியும். வயலில் நாற்று நடும் பெண்கள் சேலையை முழங்கால்வரை ஏற்றிச் செருகுவது தமிழகமும் கேரளமும் அறிந்த காட்சி. அந்தக் கால்கள் எடுப்பாக இருந்தனவா என்று எவரும் பட்டியலிடவில்லை. உழைக்கும்போது தெரியும் கால் கேள்விக்கு உள்ளாவதில்லை. தன் விருப்பத்தால் தெரியும் கால் உள்ளாகிறது.

இவ்வேறுபாட்டின் வேர் அழகியலில் இல்லை, அதிகாரத்தில் இருக்கிறது என்பதற்கு இந்நிலமே சாட்சி. கரமனையிலிருந்து களியிக்காவிளை வழியாக நாகர்கோவிலுக்குச் செல்லும் சாலை, தோள்சீலைப் போராட்டம் நடந்த தென்திருவிதாங்கூருக்குள் நுழைகிறது. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் நடந்த அப்போராட்டத்தின் முடிவில், 26 ஜூலை 1859 அன்று திருவிதாங்கூர் அரசு அறிவிப்பு வெளியிட்டது. அவர்கள் மார்பை மறைக்கலாம். ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக்கூடாது. அன்று தடுக்கப்பட்டது மறைத்தல். இன்று கண்டிக்கப்படுவது மறைக்காமை. திசை நேர்மாறானது, பெண்ணின் துணி எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும் என்பதை வேறொருவர் முடிவு செய்வது மட்டும் மாறவில்லை. இவ்விரண்டையும் ஒரே அளவான கொடுமை என்று சொல்வது வரலாற்றுக்கு இழைக்கும் அநீதி. முன்னது சாதியின் வன்முறை. பின்னது பெரும்பாலும் ஒரு முணுமுணுப்பு. எனினும் இரண்டின் வாக்கியத்திலும் தீர்ப்பளிப்பவர் வேறொருவராகவே இருக்கிறார்.

அண்மைக்கால நிகழ்வுகளும் உள்ளன. கரமனையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பத்மநாபசுவாமி கோயிலில், சுடிதார் அணிந்து வரும் பெண்கள் அதன்மேல் ஒரு முண்டைச் சுற்றிக்கொண்டே நுழைவது வழக்கம். 2016 நவம்பரில் கோயிலின் நிர்வாக அதிகாரி அக்கட்டாயத்தைத் தளர்த்தினார். அடுத்த மாதமே கேரள உயர்நீதிமன்றம், இத்தகைய விஷயங்களில் தந்திரியின் கருத்தே முடிவானது என்று கூறி அம்மாற்றத்தை ஏற்க மறுத்தது. கோயிலுக்கென்று ஒரு நெறி இருப்பதும் அதை வகுப்பவர் யார் என்பது வெளிப்படையாக இருப்பதும் ஒருவகையில் நேர்மையே. அங்கே நான்காம் வேற்றுமை மறைக்கப்படவில்லை. உடன்படாதவர் யாரோடு வாதாடவேண்டும் என்பதாவது தெரிகிறது.

கல்விநிலையங்களில் நடந்தது வேறு. பெரும்பாவூருக்கு அருகே வளயன்சிறங்கர அரசுத் தொடக்கப் பள்ளியில், 2018ஐ ஒட்டி, ஆண் பெண் என்ற வேறுபாடின்றி எல்லாக் குழந்தைகளுக்கும் சட்டையும் முக்கால் கால்சட்டையும் சீருடையாயின. பாவாடை அணிந்த சிறுமியர் ஓடவும் ஏறவும் விளையாடவும் தயங்கினர் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. முக்கால் கால்சட்டை பெண்களுக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை அரிது: ஓடுவதற்குப் பொருந்துகிறது. 2021 டிசம்பரில் பாலுசேரி அரசு மேல்நிலைப் பள்ளி முழுக்கால்சட்டையைச் சீருடையாக்கியபோது எதிர்ப்பும் எழுந்தது. விருப்பத்துக்கு மாறாகத் திணிக்கப்படும் கால்சட்டையும் திணிப்பே என்ற அளவில் அவ்வெதிர்ப்பில் செவிமடுக்கத்தக்க பகுதி உண்டு. அதற்கு ஒரு மாதம் முன்னர், 2021 நவம்பரில், கல்லூரி ஆசிரியைகள் சேலைதான் அணியவேண்டும் என்று எந்த நிறுவனமும் வற்புறுத்தக்கூடாது எனக் கேரள உயர்கல்வித் துறை சுற்றறிக்கை விடுத்தது. அதற்குத் தேவை இருந்தது என்பதே நிலைமையைச் சொல்லும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. உடை தனிமொழியன்று, பொதுமொழி. ஒரு சொல்லின் பொருளைப் பேசுபவர் தனியே தீர்மானிக்க முடியாததுபோல், உடையின் பொருளையும் அணிபவர் தனியே தீர்மானிக்க முடியாது. எனவே பார்ப்பவரை அகற்றிவிட்டு உடையைப் பற்றிப் பேச இயலாது. இம்மறுப்பு சரியானது. பிறர் கண்ணுக்கு அழகாகத் தெரிய விரும்புவதும் இழுக்கன்று. கண்ணாடி முன் நின்று ‘இது எனக்கு எடுப்பாக இருக்கிறதா?’ என்று தோழியைக் கேட்கும் பெண், தன் பார்வையாளரைத் தானே தேர்ந்துகொள்கிறாள். கேட்கப்பட்ட இடத்தில் கருத்து நட்பாகிறது. கேட்கப்படாத இடத்தில், அதிலும் மதிப்பெண்ணும் பரிந்துரைக் கடிதமும் கையில் வைத்திருப்பவர் சொல்லும்போது, அதே கருத்து கட்டளையின் எடையைப் பெறுகிறது. பொதுமொழியிலும் யார் யாரைத் திருத்தலாம் என்பதற்கு வரம்பு உண்டு. கருத்தரங்கில் கட்டுரை படிப்பவரின் உச்சரிப்பை நடுவே நிறுத்தித் திருத்துவது அறிவுடைமை ஆகாது.

ஆகவே கேள்விக்கு விடை இதுதான்: முக்கால் கால்சட்டை சிலரை எடுப்பாகக் காட்டும், சிலரைக் காட்டாது, முழுக்கால்சட்டையும் சேலையும் முண்டும் அப்படியே. மழையில் நடக்கவும் நெரிசலான பேருந்தில் ஏறவும் அது எல்லோருக்கும் ஓரளவு உதவும். அதற்குமேல் ஒரு மாணவியிடம் எவரேனும் எதுவும் சொல்ல விரும்பினால், விடுபட்ட நான்காம் வேற்றுமையை நிரப்பிச் சொல்லட்டும்: ‘எனக்கு அது நன்றாகப் படவில்லை.’ அப்படிச் சொல்ல வாய் கூசினால், அச்சொல் தேவையில்லை என்று பொருள். அவள் கொண்டுவந்த ஆய்வுக் கட்டுரையைப் பற்றிப் பேசலாம். அதற்காகத்தான் அவள் நனைந்துகொண்டே வந்திருக்கிறாள்.