விழுந்த பிறகுதான் வழக்கா? போக்குவரத்து ஆணையருக்கு ஒரு திறந்த மடல்



செந்துறையிலிருந்து பொன்பரப்பிக்கும் ஆர்.எஸ்.மாத்தூருக்கும் செல்லும் சாலைகளில் மாலை வேளைகளில் நடக்கும் ‘வீலிங்’, அதாவது முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தில் மட்டும் பைக்கை ஓட்டும் சாகசம், குறித்து இவ்வட்டார மக்கள் அளித்த மனுக்களுக்கு மனு எண்ணைத் தவிர வேறொன்றும் கிடைக்காததால் இம்மடல் எழுதப்படுகிறது. சட்டப் பிரிவுகளை ஆணையர் அவர்கள் அறிவார்கள் என்பதால், நாடறிந்த ஒரு நிகழ்வை மட்டும் நினைவூட்டினால் போதும்.

பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு அதிவேகமாகச் சென்ற காணொளிக்காக யூடியூபர் டி.டி.எஃப். வாசன் மீது 2022 செப்டம்பரில் கோவையில் வழக்குப் பதிவானது. ஓராண்டு கழித்து, 17.9.2023 அன்று, காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் அருகே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அவர் ஓட்டிய சுஸுகி ஹயபுசாவின் முன்சக்கரம் மேலெழ, வண்டி நிலைகுலைந்து புதருக்குள் உருண்டது, அவருக்குக் கை முறிந்தது. மாடுகள் குறுக்கே வந்ததால் பிரேக் பிடித்ததாகவும், அதனால் சக்கரம் தூக்கிக்கொண்டதாகவும் ஜாமீன் மனுவில் சொல்லப்பட்டது. பிரேக் பிடித்தால் எடை முன்சக்கரத்தின் மீது சாய்ந்து அதைத் தரையோடு அழுத்தும் என்பது சைக்கிள் ஓட்டும் சிறுவனுக்கும் தெரியும்.

முன்சக்கரம் எழுவதற்குத் தேவை அதற்கு நேரெதிரான வேலை. கிளட்ச்சைப் பிடித்தபடி ஆக்சிலேட்டரை முறுக்கி, இன்ஜின் சீறும் கணத்தில் கிளட்ச்சைச் சட்டென விடுவது ஒரு முறை. ஆற்றல் மிகுந்த வண்டியில் முதல் கியரில் ஆக்சிலேட்டரை முறுக்கினாலே போதும். வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்த எடைமையம் பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்திற்கு நேர்மேலே வரும் நிலையே சமநிலைப் புள்ளி எனப்படும். அதைத் தாண்டினால் வண்டி மல்லாக்கச் சாயும், அப்போது காப்பது வலது பாதத்தின் கீழுள்ள பின்பிரேக் மட்டுமே. நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கைத் தரும் முன்பிரேக்கும், திசை திருப்பும் ஹேண்டில்பாரும் அந்நேரத்தில் வெறும் அலங்காரம். இறங்கும்போது சக்கரம் சற்றே கோணலாகத் தரையைத் தொட்டாலும் ஹேண்டில்பார் இருபுறமும் உதறத் தொடங்கும். 1340 சிசி இன்ஜினும் ஏறத்தாழ 266 கிலோ எடையும் கொண்ட வண்டியின் உதறலை மனிதக் கைகளால் அடக்க முடியாது. முன்சக்கரம் எழாமல் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டைப் புதிய ஹயபுசாவில் தயாரிப்பாளரே வைத்திருக்கிறார். அதை அணைத்துவைக்கும் பொத்தானையும் அவரேதான் வைத்திருக்கிறார் என்பது வேறு கதை.

வாசனின் அந்த பைக்கை எரித்துவிட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் கடிந்துகொண்ட 2023 அக்டோபரில்தான் துறைக்கு விழிப்பு வந்து, ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டது. அதன் பலன் என்ன? 2024 மே மாதம் அதே நபர், கைப்பேசியில் பேசியபடி கார் ஓட்டும் காணொளியைத் தாமே வெளியிட்டு, மதுரையில் கைதானார். பத்தாண்டுத் தடை எட்டு மாதத்திற்குள் இந்த அழகில் இருந்தது.

செந்துறை இளைஞர்களிடம் ஹயபுசா இல்லை. தவணையில் வாங்கிய ஆர்15, டியூக் பைக்குகள் உண்டு. சாலையோ, சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச்செல்லும் லாரிகளின் தார்ப்பாய் இடுக்கிலிருந்து உதிர்ந்த பொடி ஓரமெங்கும் படிந்து, சாதாரணமாகப் பிரேக் பிடித்தாலே சறுக்கும் சாலை. வாசனுக்கு உயிர் தப்ப லட்சங்கள் மதிப்புள்ள கவச உடை இருந்தது. இங்குள்ள பிள்ளைகளுக்குக் காலில் ரப்பர் செருப்பு, தலையில் ஒன்றுமில்லை, எதிரே டிப்பர் லாரி.

ஒரு மாலையாவது இச்சாலையில் துறையின் வண்டி நிற்க வேண்டும். சாகசக் காணொளிகளைப் பார்த்து ரசிக்கும் கண்கள் துறையிலும் இருக்குமாயின், அவற்றில் தெரியும் பதிவெண்களையும் படிக்கலாம். அன்றி, விழுந்த பிறகே வழக்கு, அதுவும் விழுந்தவர் பிரபலமாக இருந்தால் மட்டுமே என்பதுதான் கொள்கையென்றால், அதை அரசிதழில் அறிவித்துவிடலாம். இவ்வூர் மக்களுக்கு மனு எழுதும் செலவாவது மிஞ்சும்.