செய்தி தரும் அச்சமும் தொழுகை தரும் ஒழுங்கும்

 

2025 ஜூன் 23 இரவு, கத்தாரிலுள்ள அல் உதைத் விமானப்படைத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணைகளை ஏவியது. கத்தார் தனது வான்வெளியை மூடியது. வளைகுடாவில் பிள்ளைகள் பணிபுரியும் திண்டுக்கல் பேகம்பூர் வீடுகளில் அன்றிரவு உறக்கமில்லை. மகனின் அழைப்பு வரவில்லை; எங்கோ, எப்போதோ எடுக்கப்பட்ட தீப்பிழம்புக் காணொளிகள் மட்டும் வாட்ஸ்அப்பில் வந்து குவிந்தன. அத்தாக்குதலில் உயிரிழப்பு இல்லை என்பது பின்னரே தெரிந்தது. மறுநாள் மக்தபில் ஒரு சிறுவன் நம்மிடம் கேட்டான்: “ஹஜ்ரத், எங்க அத்தா இருக்குற ஊர்லயும் குண்டு விழுமா?”

2023 அக்டோபர் முதல் காஸாவின் துயரத்தையும் நாள்தோறும் கண்டு வருகிறோம். இதனால் உண்டாகும் கலக்கத்தை ஈமானின் பலவீனம் என்று சிலர் கூறுவர். அது சரியன்று. தம் குழந்தை இப்ராஹீம் மறைந்தபோது இறைத்தூதர் (ஸல்) அவர்களும் கண்ணீர் வடித்தார்கள். ஆயினும், ஒவ்வொரு படத்தையும் பார்த்துத் தீர்ப்பதே துன்புறுவோருக்கு நாம் செய்யும் கடமை என்று எண்ணுவது பிழை. பார்த்துக்கொண்டே இருப்பது உதவியாகாது.

ஹிஜ்ரி 4-ஆம் ஆண்டில் பிஃரு மஊனாவில் குர்ஆனை நன்கறிந்த எழுபது தோழர்கள் வஞ்சகமாகக் கொல்லப்பட்டனர். நபி (ஸல்) அவர்கள் பெருந்துயருற்று, ஒரு மாத காலம் தொழுகையில் குனூத் ஓதினார்கள். துயரத்தை அவர்கள் மறைக்கவில்லை. அதற்குத் தொழுகைக்குள் ஓர் இடம் அளித்தார்கள். நாம் கற்க வேண்டிய ஒழுங்கு இதுவே.

அச்சம் தரும் செய்தி வந்தவுடன் அதைப் பரப்புவோரைத் திருக்குர்ஆன் (4:83) கண்டிக்கிறது. பொறுப்புடையோரிடம் அதைக் கொண்டு செல்லுமாறு வழிகாட்டுகிறது. எனவே உறுதியாகத் தெரியாததைப் பிறருக்கு அனுப்பாதிருப்போம். செய்தி பார்ப்பதற்குப் பகலில் ஒரு நேரத்தை வகுத்துக்கொள்வோம். இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. அந்நேரத்தில் கைப்பேசியையும் ஓய வைப்போம். அதில் செலவிட்ட நேரத்தில் ஒரு பகுதியைத் துஆவுக்கும், இயன்றதை ஸதகாவுக்கும் கொடுப்போம். மகன் வெளிநாட்டில் இருக்க, தனித்திருக்கும் அண்டை வீட்டுத் தாயிடம் சென்று சிறிது நேரம் அமர்ந்திருப்பதும் நற்செயலே.

பிள்ளைகளுக்குச் சடலங்களின் படங்களைக் காட்ட வேண்டாம். பொய்யான ஆறுதலும் வேண்டாம். ‘விழாது’ என்று அச்சிறுவனுக்கு வாக்களிக்க நமக்கு அதிகாரமில்லை. “காலையில் அத்தாவிடம் பேசினாயா?” என்று கேட்டோம். பேசியதாகச் சொன்னான். “அல்ஹம்துலில்லாஹ்! அவருக்காகவும், அத்தாவை இழந்த பிள்ளைகளுக்காகவும் சேர்ந்து துஆ செய்வோம்” என்றோம். கையேந்தினான், பின்னர் பாடத்தைத் தொடர்ந்தான்.

இவற்றிற்குப் பின்னும் உறக்கமின்மையும் படபடப்பும் நீடித்தால் மருத்துவரை நாடத் தயங்க வேண்டாம். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணிலும் மனநல ஆலோசனை பெறலாம். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்வது தவக்குலுக்கு முரணன்று, நபிவழியே ஆகும்.

அநீதிக்குள்ளானோரின் துயரை அல்லாஹ் நீக்குவானாக! நம் உள்ளங்களில் அமைதியையும், கைகளில் நற்செயலையும் தருவானாக! ஆமீன்.