முடிவு கையில் வந்த பிறகு

காரணம் புலப்படாமல் மூளைவரை மஞ்சள் ஏறிய பச்சிளங்குழந்தைகளைப் பற்றி ஸ்மித், வெல்லா இருவரும் 1960இல் சிங்கப்பூரிலிருந்து ‘லான்செட்’ இதழுக்கு ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்தக் குழந்தைகளின் சிவப்பணுக்களில் ஜி6பிடி நொதி குறைந்திருந்தது என்பதே அவர்கள் கண்டது. பேராசிரியர் வோங் ஹோக் பூனும் அவருடைய சகாக்களும் அந்த வழியில் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். 1965இல் பிரசவ அறையிலேயே தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துச் சோதிக்கும் வழக்கம் தொடங்கியது. இத்தனை பரவலாக அந்தச் சோதனையைச் செய்த நாடுகள் அப்போது மிகக் குறைவு.

அது எந்தச் சூழலில் நடந்தது என்பதை நம் இளைய தாதியரும் மருத்துவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். 1966இல் தேக்காவுக்குப் பக்கத்தில் இருந்த பழைய கேகே மருத்துவமனையில் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. கின்னஸ் புத்தகத்தில் ஏறிய நெரிசல் அது. கட்டிலுக்கே பஞ்சமான அந்தக் காலத்தில், நொதி குறைந்த குழந்தைகளை மட்டும் வீட்டுக்கு அனுப்பாமல் இரண்டு, மூன்று வாரம் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். மஞ்சள் ஏறினால் உடனே சிகிச்சை கிடைத்தது. வீட்டில் எதையெல்லாம் தவிர்க்க வேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்லியும் அனுப்பினார்கள். மூளைவரை மஞ்சள் ஏறும் கெர்னிக்டெரஸால் நேர்ந்த மரணங்கள் ஏறத்தாழ மறைந்துபோனதற்கு இவை எல்லாம் சேர்ந்துதான் காரணம். வெறும் சோதனைக்குழாய் அதைச் சாதித்திருக்காது.

அதன் பிறகு நம் பச்சிளங்குழந்தைப் பரிசோதனைப் பட்டியல் நீண்டது. 1990இல் தைராய்டு சுரப்புக் குறைவு, 2002இல் செவித்திறன், 2006இல் டேண்டம் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி மூலம் இருபதுக்கும் மேற்பட்ட வளர்சிதைமாற்றக் கோளாறுகள் என்று சேர்ந்துகொண்டே வந்தன. 2019இல் கடுமையான ஒருங்கிணைந்த நோயெதிர்ப்புக் குறைபாடு, பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி, கேலக்டோசீமியா, பயோட்டினிடேஸ் குறைபாடு, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஆகிய ஐந்தும் வந்தன.

உலகம் இதில் ஒரே வேகத்தில் போகவில்லை. ராபர்ட் கத்ரி 1963இல் வடிதாளில் காய்ந்த ஒரு சொட்டு ரத்தத்தைக்கொண்டு ஃபினைல்கீட்டோனூரியாவைக் கண்டறியும் முறையை வெளியிட்டார். இன்று அமெரிக்காவின் பரிந்துரைப் பட்டியலில் முப்பதுக்கும் மேற்பட்ட நோய்கள் இருக்கின்றன. பிரிட்டன் சுமார் பத்தோடு நிதானமாக நிற்கிறது. பிலிப்பீன்ஸ் 2004இல் இதற்கென்றே சட்டம் இயற்றியது. ஆண்டுக்கு இரண்டு கோடிக்கு மேல் குழந்தைகள் பிறக்கும் இந்தியாவில் நாடு தழுவிய ரத்தப் பரிசோதனைத் திட்டம் இன்னும் இல்லை. கேரளத்தின் அரசு மருத்துவமனைகள் போன்ற சில இடங்களில்தான் அது வேரூன்றியிருக்கிறது.

எத்தனை நோய்களுக்குச் சோதிக்கிறோம் என்று மாநாடுகளில் பெருமையோடு எண்ணிக் காட்டுவதைக் கேட்டிருக்கிறேன். அந்த எண்ணிக்கையைவிட, முடிவு வந்ததிலிருந்து சிகிச்சை தொடங்கும்வரை எத்தனை நாள் ஆகிறது என்பதே எனக்கு முக்கியம். தைராய்டு குறைவுள்ள குழந்தைக்கு இரண்டு வாரத்துக்குள் லெவோதைராக்சின் தொடங்கியிருக்க வேண்டும். கேலக்டோசீமியா குழந்தைக்கோ தாய்ப்பாலே நஞ்சு. அங்கே மணிக்கணக்குதான் செல்லும். இந்த இடைவெளியைக் குறைப்பது கருவியின் வேலை அல்ல, தொலைபேசியை எடுக்கும் தாதியின் வேலை.

அந்த அழைப்பைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. குறைமாதக் குழந்தைக்கு அட்ரினல் சோதனை பொய்யாக உயர்ந்து காட்டுவது நமக்குப் பழகிய விஷயம். பிரசவித்துச் சில நாளே ஆன தாய்க்கு அது தெரியாது. “மறுபடி ரத்தம் எடுக்கணும், நாளைக்கு வாங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டால் அந்த வீட்டில் அன்றிரவு யாரும் தூங்க மாட்டார்கள். “இது நோய் என்று சொல்லும் முடிவு இல்லைம்மா, உறுதிப்படுத்தப் பார்க்கிறோம். குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, வாந்தி எடுத்தாலோ காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.” இப்படிச் சொல்ல ஒரு நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

ஜி6பிடி குறைபாட்டில் நம் வீடுகளுக்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. இந்தியக் குழந்தைகளிடம் அது சீன, மலாய்க் குழந்தைகளைவிடக் குறைவாகவே காணப்படுகிறது. அதனாலேயே நம் வீடுகளுக்கு அதைப் பற்றி அதிகம் தெரிவதில்லை. பேரப்பிள்ளைக்கு என்று பாட்டி ஊரிலிருந்து கொண்டுவரும் பழைய பருத்தித் துணிகளோடு ரசகற்பூர உருண்டையும் வரும். அந்த நாஃப்தலீன் வாசனையே சிவப்பணுக்களைச் சிதைக்கப் போதும். பிஞ்சுக் கைக்கு மருதாணி வைத்ததால் ரத்தம் சிதைந்த குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. ஹுவாங்லியன் என்ற சீன மூலிகைக்கு 1978இல் விதித்த தடையும் 2013இல் தளர்த்தப்பட்டுவிட்டது. ஆகவே அண்டை வீட்டார் அன்போடு தரும் கஷாயத்தைப் பற்றியும் கேட்டாக வேண்டும். குழந்தையின் அம்மாவிடம் ஆங்கிலத்தில் ஒரு தாளை நீட்டினால் இதெல்லாம் போய்ச் சேராது. குழந்தையைக் குளிப்பாட்டுகிறவரிடம், பெரும்பாலும் பாட்டியிடம், தமிழில் சொல்ல வேண்டும்.

பெண் குழந்தைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றில் மட்டும் குறைபாடு உள்ள பெண்ணுக்கு நொதி அளவு இடைநிலையில் இருக்கலாம். “இயல்பு” என்று முடிவு வந்திருக்கிறது என்பதற்காகக் கடும் மஞ்சளை அலட்சியம் செய்துவிடக் கூடாது. வளர்சிதைமாற்றக் கோளாறுகளில் பெரும்பாலானவை ஒடுங்குமரபு வழி வருபவை. மாமன் மகள், அக்காள் மகள் திருமணங்கள் உள்ள குடும்பங்களில் உறவுமுறையைக் கூச்சமில்லாமல் கேட்க வேண்டும். முன்பு காரணம் தெரியாமல் இறந்த குழந்தை உண்டா என்ற கேள்வியையும் விட்டுவிடக் கூடாது.

வேலைக்காக வந்து இங்கே இருக்கும் தமிழகக் குடும்பங்களில் பல, குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் ஊருக்குப் புறப்பட்டுவிடும். அங்கே மலேரியா வந்து பிரைமாகுவின் எழுதப்படலாம். அந்த மருத்துவருக்கு நம் கணினியில் உள்ள முடிவு தெரியப்போவதில்லை. எனவே ஜி6பிடி குறைபாடுள்ள ஒவ்வொரு குழந்தையின் சுகாதாரக் கையேட்டிலும், தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பெயர்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட ஒரு தாளை ஒட்டி அனுப்பலாம். பிரசவப் பிரிவுகளும் பலதுறை மருந்தகங்களும் இதைத் தொடங்க யாருடைய ஆணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தத் தாளின் முன்வரைவை எழுத முன்வரும் தாதியரும் மருந்தாளுநர்களும் இந்த இதழுக்கு எழுதுங்கள். சரிபார்த்து அடுத்த இதழிலேயே வெளியிடுகிறோம்.