மௌனமும் ஒரு வன்முறையே

ஆட்குறைப்பு நடந்து முடிந்த பின்னரே அதைப் பற்றி நாம் பேசத் தொடங்குகிறோம். எத்தனை பேர் வேலை இழந்தனர், எவ்வளவு இழப்பீடு பெற்றனர் என்று கணக்கிடுகிறோம். அறிவிப்பு வருமுன் கழியும் மாதங்களைக் கணக்கிடுவார் இல்லை. பட்டியல் தயாராகிறது என்பது தெரியும். அதில் தன் பெயர் உண்டா என்பது தெரியாது. அந்நிலையில் இருப்பவன் மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுவதா, வீட்டுக் கடன் தவணைக்கு எடுத்து வைப்பதா என்று தடுமாறுகிறான். நேற்றுவரை உணவைப் பகிர்ந்துண்ட நண்பனை இன்று போட்டியாளனாகப் பார்க்கிறான். இத்துன்பம் தவிர்க்க இயலாதது என்று நிர்வாகங்கள் கூறுகின்றன. அக்கூற்றை நாம் ஏற்கலாகாது.

திருப்பெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலையை நினைவுகூர்வோம். 2013 செப்டம்பரில் அந்நிறுவனம் தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்கப்போவதாக அறிவித்தது. 2014 ஏப்ரலில் விற்பனை நிறைவேறியபோது, வரித் தகராறு காரணமாக இந்த ஆலை அதில் சேர்க்கப்படவில்லை. விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது, ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டனர். 2014 நவம்பர் 1-ஆம் நாள் உற்பத்தி நின்றது. முதல் அறிவிப்புக்கும் கடைசி நாளுக்கும் இடையே ஏறத்தாழ 14 மாதங்கள்! வரித்துறைக்கும் வழக்கறிஞர்கள் இருந்தனர், நிறுவனத்துக்கும் இருந்தனர். இருவருக்கும் இடையே நின்ற இளம் தொழிலாளர்களுக்கு இருந்தவை வதந்திகள் மட்டுமே.

'விருப்ப ஓய்வு' என்னும் சொல்லைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இன்று கையெழுத்திட்டால் இவ்வளவு, நாளை என்ன கிடைக்குமென்று சொல்வதற்கில்லை என்ற நிலையில் ஒருவன் இடும் கையெழுத்தில் விருப்பம் எங்கே இருக்கிறது? அச்சத்துக்கு விருப்பம் என்று பெயர் சூட்டுவது மொழிக்கே இழைக்கும் அநீதி. இதனினும் கொடிது, தாமாகவே விலகுவதாகக் கடிதம் எழுதித் தருமாறு நெருக்குவது. விலகியவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு இல்லை என்பதே அதன் மறைபொருள். சோர்ந்துபோய்த் தாமாக வெளியேறும் ஒவ்வொருவராலும் நிர்வாகத்துக்கு ஒரு தொகை மிச்சமாகிறது. ஆகவே மௌனம் வெறும் கவனக்குறைவு என்று யாரும் சொல்ல வேண்டாம். அது இலாபமும் தருகிறது.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953-இல் சேர்க்கப்பட்ட விதிப்படி, ஆட்குறைப்புக்கு உள்ளானவருக்குப் பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் உரியது. எட்டு ஆண்டுகள் உழைத்தவருக்கு 120 நாள். அதாவது நான்கு மாதச் சம்பளம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் அதே 15 நாளைத்தான் வைத்திருக்கிறது. மறுபயிற்சிக்கென மேலும் ஒரு 15 நாள் ஊதியத்தை ஒரே முறை தருகிறது. மறுபுறம், ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி பெறவேண்டிய ஆலைகளின் வரம்பை 100 தொழிலாளர் என்பதிலிருந்து 300 ஆக உயர்த்திவிட்டது. எழுபது ஆண்டுகளில் அரிசி விலை ஏறிற்று, வாடகை ஏறிற்று. அந்தப் பதினைந்து நாள் மட்டும் ஏறவில்லை.

ஆனால் அந்த 15 நாள் அடித்தளமேயன்றிக் கூரை அன்று. 2021 செப்டம்பர் 9-ஆம் நாள் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலைத் தொழிலாளர் சங்கமாக நின்று பேசினர். 2022-இல் வேலைநிறுத்தமும் செய்தனர். இறுதியில் ஆண்டுக்கு 140 நாள் ஊதியம் என்ற அளவில் இழப்பீடு உயர்ந்தது. கொடுக்க முடியாது என்பது பல வேளைகளில் கொடுக்க மனமில்லை என்பதன் நாகரிக வடிவம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? ஆயினும் ஒன்றை மறவாதிருப்போம்: இத்தகைய உடன்பாடுகள் நிரந்தரத் தொழிலாளருக்கானவை. ஒப்பந்தக் கூலியாக அதே வாயில் வழியே நுழைந்து அதே இயந்திரத்தின்முன் நின்றவர் பெரும்பாலும் அக்கணக்கில் வருவதில்லை.

முன்கூட்டியே சொன்னால் உற்பத்தி குலையும், போட்டியாளர் அறிந்துகொள்வர் என்று நிர்வாகத்தார் வாதிடுவர். சந்தை சுருங்கும்போது நிறுவனமும் தடுமாறும் என்பதை நாம் மறுக்கவில்லை. எல்லா ஆலையும் என்றென்றும் இயங்கவேண்டும் என்றும் கோரவில்லை. ஆனால் பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்குதாரருக்குக் கணக்குச் சொல்கிறது. பணத்தை ஈடாக வைத்தவருக்கு உண்மையை அறியும் உரிமை உண்டென்றால், வாழ்நாளை ஈடாக வைத்தவருக்கு ஏன் இல்லை? மூலதனத்தைவிட உழைப்புக்கே முதலிடம் என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் உழைப்பைப் பற்றிய தம் சுற்றுமடலில் கற்பித்தார். நம்மிடையே தொழில் நடத்துவோரும் மேலாளராய் இருப்போரும் உண்டு. அவர்கள் ஞாயிறன்று கேட்பதற்கும் திங்களன்று செய்வதற்கும் இடையே சுவர் எழுப்பிக்கொள்ள இயலாது.

நாம் கேட்பவை பெரியவை அல்ல. ஆட்குறைப்பு உறுதியானவுடன் அறிவியுங்கள். இழப்பீட்டின் விதிகளை எழுத்தில் தாருங்கள். அதைப் படித்து, குடும்பத்தாரோடும் வழக்கறிஞரோடும் கலந்து முடிவெடுக்க நாள்கள் தாருங்கள். மாற்று வேலை கிடைக்கும்வரை சில மாதங்களுக்கேனும் மருத்துவக் காப்பீட்டைத் தொடருங்கள். தொழிலாளருக்கும் ஒரு சொல்: நெருக்கடியில் நீட்டப்படும் எந்தத் தாளிலும் அன்றே கையெழுத்திடாதீர், தனியே நில்லாதீர்.

வேலையை நிறுத்தும் அதிகாரம் முதலாளிக்கு இருக்கலாம். ஒரு குடும்பத்தை மாதக்கணக்கில் இருட்டில் நிறுத்தி வைக்கும் அதிகாரத்தை அவருக்கு யார் அளித்தது?