தோல் உரியாத வண்டி வேண்டும்!

– இரண்டாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது மனிதனுக்குச் சொன்ன பழமொழி. ஸ்போர்ட்ஸ் பைக்குக்குச் சொல்வதென்றால் 'எஞ்சின் பாதி, பெயிண்ட் பாதி' என்றுதான் சொல்ல வேண்டும். ஷோரூம் வாசலில் நம்மை இழுத்து நிறுத்துவது எது? எஞ்சினா? அது ஃபேரிங்குக்குள் ஒளிந்து கிடக்கிறது. கண்ணைப் பறிக்கும் அந்தச் சிவப்பும் நீலமும்தானே!

ஆனால் நண்பர்களே, நம் கல்லூரி சைக்கிள் ஸ்டாண்டில் (சைக்கிளே இல்லாத சைக்கிள் ஸ்டாண்டில்!) நாம் பேசுவதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எத்தனை சி.சி., எத்தனை குதிரை சக்தி, டாப் ஸ்பீடு எவ்வளவு, மைலேஜ் தருமா தராதா... எல்லாம் பேசுவோம். "இந்த வண்டியில் பெயிண்ட் எத்தனை மைக்ரான்?" என்று யாராவது கேட்டதுண்டா? கேட்டால், "பெயிண்ட்ல என்னடா இருக்கு, எல்லாம் கலருதானே" என்று சிரிப்பார்கள். கலர் மட்டும்தானா என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

பூச்சுக்குள் எத்தனை பூச்சு!

வண்டியின் இரும்புப் பாகம் ஒன்றுக்கு முதலில் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, பாஸ்பேட் குளியல் கொடுக்கிறார்கள். பிறகு மின்சாரம் பாயும் பெயிண்ட் தொட்டியில் முக்குகிறார்கள். பாகம் எதிர்மின் முனையாக நிற்கும். பெயிண்ட் துகள்கள் தாமாக ஓடி வந்து ஒட்டும். ஸ்பிரே கன் எட்டாத மூலைமுடுக்கிலும் பூச்சு ஏறும். துருவைத் தடுப்பது பெரும்பாலும் இந்தப் பூச்சுதான். இதன் கனம் சுமார் 20 மைக்ரான். அதன் மேல் பிரைமர், அதன் மேல் கலர், கடைசியாகக் கண்ணாடி மாதிரி கிளியர் கோட். நாம் பார்த்து மயங்கும் கலர் இருக்கிறதே, அது பெரும்பாலும் 20 மைக்ரானுக்குள் அடங்கிவிடும்! நம் தலைமுடி ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான் என்று நினைத்துக்கொண்டால், எவ்வளவு மெல்லிய விஷயத்துக்கு இவ்வளவு பணம் கொடுக்கிறோம் என்பது புரியும்.

ஸ்போர்ட்ஸ் பைக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. அதன் உடம்பில் பெரும்பகுதி பிளாஸ்டிக். இரும்பு டேங்கை 140 டிகிரி அடுப்பில் வைத்துப் பெயிண்டை இறுகச் செய்யலாம். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் ஃபேரிங்கை அந்தச் சூட்டில் வைத்தால் அப்பளம் மாதிரி வளைந்துவிடும். எனவே 80 டிகிரியைச் சுற்றித்தான் காய வைக்க முடியும். சூடு செய்ய வேண்டிய வேலையை ஹார்டனர் என்ற ரசாயனம் செய்ய வேண்டும். ஒரே வண்டியில் டேங்கும் ஃபேரிங்கும் வேறு வேறு லைனில், வேறு வேறு சூட்டில், வேறு வேறு பெயிண்டில் தயாராகி வந்து பக்கத்தில் பக்கத்தில் உட்காருகின்றன. இரண்டு வருஷத்தில் ஒன்று வெளுத்து இன்னொன்று வெளுக்காமல் நின்றால் ஆச்சரியம் என்ன?

பிளாஸ்டிக்கில் பெயிண்ட் பிடிப்பதே ஒரு கலை. அச்சிலிருந்து பாகம் சுலபமாகக் கழன்று வர ஒரு வழுவழுப்பான மருந்து அடிப்பார்கள். அதைச் சுத்தமாகத் துடைக்காமல் பெயிண்ட் அடித்தால் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்து வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வரும். விரல் ரேகை எண்ணெய் பட்டாலே போதும், அந்த இடத்தில் பிடிப்பு போய்விடும். நான் விடுமுறையில் வேலை பார்க்கும் பட்டறை அண்ணாச்சி அடிக்கடி சொல்வார்: "ஏலே, பெயிண்ட்ல முக்கா வேலை பெயிண்ட் அடிக்கதுக்கு முந்தியே முடிஞ்சிரும்லே. மிச்சக் கா வேலைதான் கன்னுக்கு." எங்கள் பாடப் புத்தகத்தில் பத்துப் பக்கத்தில் சொன்னதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.

கடல் காற்று என்ற சாக்கு

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்கிறார்கள். அண்ணன் பத்தாவதோடு நிறுத்திவிட்டு அண்ணாச்சியின் பட்டறையில் பெயிண்டராகச் சேர்ந்தான். என் ஃபீஸில் பாதி அவன் கையில் ஒட்டிய பெயிண்டிலிருந்து வருவது. அப்படிப்பட்டவன் வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைப்பட்டு, 36 மாதத் தவணையில் ஃபேரிங் வைத்த ஒரு பைக் வாங்கினான். பதினோராவது தவணை கட்டிய மாதத்தில் முன்பக்க ஃபேரிங்கில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் உரிந்து வந்துவிட்டது.

சர்வீஸ் சென்டரில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "பெயிண்டுக்கெல்லாம் வாரண்டி கிடையாது தம்பி. உங்க ஊர்ல கடல் காத்து, உப்புக் காத்து. அதான்." அண்ணன் அதிகம் பேச மாட்டான். ஒன்றுதான் கேட்டான்: "உப்புக் காத்துல இரும்பு துருப்பிடிக்கும், ஒத்துக்கிடுதேன். பிளாஸ்டிக் எங்க சார் துருப்பிடிக்கும்?" பதில் இல்லை. உரிந்த இடத்தைத் தடவிப் பார்த்தால் அடியில் பிளாஸ்டிக் கண்ணாடி மாதிரி வழுவழு என்றிருந்தது. உப்புத்தாள் கீறின அடையாளம் இல்லை, பிரைமரின் சுவடும் இல்லை. வெயிலில் டேங்க் வெளுத்தால் இயற்கை என்று விடலாம். உறுத்தாமல் தோலாகக் கழன்றால் அது வேலையில் விட்ட குறை. அதைக் கடல் மேல் போடுவது என்ன நியாயம்? தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் வண்டி விற்கும்போது கடல் இருப்பது தெரியாதா?

தவணை இன்னும் 25 பாக்கி. அண்ணன் தானே அந்த ஃபேரிங்கைக் கழற்றி, தேய்த்து, பிரைமர் போட்டு அடித்துக்கொண்டான். அவனுக்குத் தொழில் தெரியும். தெரியாத மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

'எடை கூடும்' என்ற வாதம்

ஸ்போர்ட்ஸ் பைக் இலகுவாக இருக்க வேண்டும், அதனால்தான் பெயிண்ட் மெல்லிசு என்று சிலர் சொல்வார்கள். நாம் டிப்ளமா படிக்கிறவர்கள். கணக்குப் போட்டே பார்ப்போம். வண்டியில் பெயிண்ட் அடித்த பரப்பு 2 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கிளியர் கோட்டை இன்னும் 10 மைக்ரான் கூட்டினால் கூடும் கன அளவு 20 மில்லிலிட்டர். எடை 25 கிராமுக்குள். டீக்கடையில் நாம் தின்னும் ஒரு பருப்பு வடை அளவுகூட வராது! அந்த 25 கிராமால் ரேஸ் தோற்றுவிடுமா?

அதற்காகக் கனமாக அப்பினால் நல்ல பெயிண்ட் என்றும் நான் சொல்லவில்லை. அளவுக்கு மீறினால் வழியும், வெடிக்கும். அளவான கனம், அடியில் சுத்தம், நல்ல பிடிப்பு, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் தரம்.

தரமாகச் செய்யத் தெரியாதா என்றால், தெரியும். கவாசாகியின் நிஞ்சா எச்2 வண்டிக்கு 2019-ஆம் ஆண்டு மாடலில் ஒரு மேல்பூச்சு கொடுத்தார்கள். அதில் மென்மையான பகுதியும் உறுதியான பகுதியும் ஸ்பிரிங் மாதிரி சேர்ந்து வேலை செய்யும்; லேசான கீறல்கள் நாளடைவில் தாமாக மறையும். சாவியோ நாணயமோ ஆழமாகக் கீறினால் மறையாது என்பது வேறு விஷயம். ஆக, விஞ்ஞானம் வந்துவிட்டது. பல லட்சம் கொடுப்பவனுக்கு ஆறும் தோல். தவணை கட்டுபவனுக்கு உரியும் தோல்! இதுதான் என் வருத்தம்.

நம் பக்கத்துக் குறைகள்

எல்லாப் பழியையும் கம்பெனி மேல் போடுவதும் சரியில்லை. நம் ஆட்கள் காலையில் அவசர அவசரமாக, புழுதி படிந்த டேங்கைக் காய்ந்த துணியால் தேய்க்கிறார்கள். அது துடைப்பது அல்ல. மண்ணை உப்புத்தாளாக்கி உரசுவது! முதலில் தண்ணீர் ஊற்றிப் புழுதியை இறக்க வேண்டும். பறவை எச்சத்தை ஞாயிற்றுக்கிழமை வரை விட்டுவைக்கக் கூடாது. அதில் அமிலம் இருக்கிறது, வெயிலில் இளகிய பெயிண்டில் தழும்பு போட்டுவிடும். டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் ஒரு சொட்டுப் பட்டாலும் பெயிண்டைக் கரைத்துவிடும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவினால் தப்பிக்கலாம். மேட் ஃபினிஷ் வண்டிக்கு பாலிஷ் போட்டுத் தேய்த்தால் அங்கங்கே மினுங்கித் திட்டுத் திட்டாகிவிடும்.

வண்டி டெலிவரி எடுக்கும்போது கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு ஏதோ 'கோட்டிங்' போட்டுத் தருகிறார்களே, அதையும் யோசியுங்கள். பளபளப்பு கொஞ்ச நாள் நிற்கலாம். அடியில் பிடிப்பில்லாத பெயிண்டை மேலே தடவும் எதுவும் பிடித்து வைக்காது. அஸ்திவாரம் ஆடும் வீட்டுக்கு வெள்ளையடித்து என்ன பயன்?

பெயிண்ட் அடிப்பவனின் நெஞ்சு

கம்பெனி விட்ட குறை எல்லாம் கடைசியில் எங்கே வந்து சேருகிறது? எங்கள் பட்டறை மாதிரி தகரக் கொட்டகைகளுக்கு. இப்போது அடிக்கும் இரண்டு பாகப் பெயிண்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதைத் தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரும். ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு இழுக்கும். பெரிய தொழிற்சாலையில் காற்றை உறிஞ்சும் பூத் உண்டு, சுத்தமான காற்று வரும் முகமூடி உண்டு. கொட்டகையில்? மூக்கில் ஒரு கைக்குட்டை. அது புழுதியைத் தடுக்கலாம், ஆவியைத் தடுக்காது. என் அண்ணனுக்கு வயது 23. கன்னைக் கீழே வைத்ததும் இருமுகிறான். "பழகிரும்லே" என்கிறான். இது பழகுகிற சரக்கு இல்லை என்று நான் படித்ததைச் சொன்னால், "மாஸ்க் வாங்க நீ சம்பாதிச்சுத் தா" என்று சிரிக்கிறான். தொழிற்சாலையில் ஒழுங்காக அடித்த ஒவ்வொரு ஃபேரிங்கும் இப்படி ஒரு நெஞ்சுக்கு ஒரு நாள் ஓய்வு.

என்ன செய்யலாம்?

முதலாவது, டயரில் அளவு அச்சடிப்பது மாதிரி, வண்டியோடு தரும் கையேட்டில் பெயிண்ட் எத்தனை பூச்சு, எத்தனை மைக்ரான் என்று அச்சடிக்க வேண்டும். சோதனை முறைகள் ஏற்கெனவே இருக்கின்றன. பிளேடால் குறுக்கும் நெடுக்கும் ஆறு ஆறு கோடு கீறி, 25 கட்டங்களில் டேப் ஒட்டி இழுத்து, 0 முதல் 5 வரை மதிப்பெண் போடும் சோதனை இருக்கிறது. 0 வாங்கினால்தான் முதல் மாணவன்! 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரியில் தூவும் சோதனையும் இருக்கிறது. தொழிற்சாலைக்குள் தெரிந்த எண்ணை வாங்குபவனுக்கும் சொன்னால் என்ன?

இரண்டாவது, வெளுப்பதற்குக் கொடுக்காவிட்டாலும் உரிவதற்காவது தனி வாரண்டி வேண்டும். குறைந்தது கடன் முடியும் வரை. கடன் 36 மாதம், தோல் 11 மாதம் என்றால் எப்படி?

மூன்றாவது, ஏமாந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு போகக் கூடாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை. உரிந்த அன்றே போட்டோ எடுத்து, தேதியோடு எழுத்தில் புகார் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, நம் ஒர்க்ஷாப்பிலேயே ஒரு நாள் இந்தக் கீறல் சோதனையைச் செய்து பார்க்கலாம். பிளேடும் டேப்பும் பழைய மட்கார்டும் போதும். (தயவுசெய்து நண்பன் வண்டியில் செய்து பார்க்காதீர்கள்!)

கடைசியாக ஒன்று. ஒரகடத்திலும் ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் பயிற்சியாளராகப் போய் நிற்கப்போவது யார்? நாம்தான், தோழர்களே, தோழியரே! நாளைக்கு ஏதோ ஒரு பெயிண்ட் ஷாப்பில் நம் கையில் 'ஓகே' முத்திரை இருக்கும். லைன் ஓடிக்கொண்டே இருக்கும். டார்கெட் முடியவில்லை என்று சூப்பர்வைசர் கத்துவார். சரியாகத் துடைக்காத ஒரு ஃபேரிங் நம் முன்னால் வரும். அந்த நேரத்தில் அந்தத் துண்டு பிளாஸ்டிக்குக்குப் பின்னால் யாரோ ஒருவன் கட்டப்போகும் 36 தவணைகள் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் அதைத் திருப்பி அனுப்புவோம். நாம் படித்த படிப்புக்கு அதைவிட நல்ல சான்றிதழ் வேறில்லை.