வளர்ப்பைக் குறை சொல்லும் முன்

எட்டு வயதுப் பையன். வகுப்பில் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் உட்கார மாட்டான். எழுதத் தொடங்கியதை முடிக்க மாட்டான். பட்டாசு வெடித்தால் மேசைக்கு அடியில் புகுந்துகொள்வான். பின்னாலிருந்து யாராவது தோளைத் தொட்டால் திரும்பி அடித்துவிடுவான். பள்ளியில் அவன் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: "காலனிப் பிள்ளைங்கன்னாலே இப்படித்தான். வளர்க்கிற லட்சணம் அப்படி."

இரண்டு வருடம் முன்பு ஒரு திருவிழா இரவில் கும்பல் ஒன்று அவர்கள் தெருவுக்குள் புகுந்து வீடுகளை அடித்து நொறுக்கியது. அன்று இந்தப் பையன் கட்டிலுக்கு அடியில் கிடந்தான். பள்ளியில் யாரும் அதைக் கேட்கவில்லை.

தோழர்களே, நாங்களும் தவறு செய்தோம். இது முழுக்க வன்கொடுமையின் விளைவு என்று முடிவு கட்டினோம். "நோய் பிள்ளைக்கு இல்லை, ஊருக்குத்தான்" என்று கூட்டத்தில் பேசிக் கைதட்டலும் வாங்கினோம். அந்த அம்மாதான் பிறகு தயங்கிச் சொன்னார்: "நீங்க சொல்றது சரிதாங்க. ஆனா அந்த ராத்திரிக்கு முன்னாடியே, மூணு வயசுலயே, இவன் ஒரு இடத்துல நிக்க மாட்டான்." அதன் பிறகே மருத்துவரிடம் போனோம். ஏ.டி.எச்.டி.யும் இருக்கிறது, மனக்காயமும் இருக்கிறது என்றார் அவர். எங்கள் முழக்கத்தால் அந்தப் பிள்ளை இழந்தது ஒரு வருடம்.

இரண்டும் வெளியில் ஒன்றுபோலத் தெரியும். கவனம் சிதறுவது, தூக்கம் கெடுவது, சட்டென்று வெடிப்பது இரண்டிலும் உண்டு. ஏ.டி.எச்.டி. பிறவியிலேயே மூளை இயங்கும் விதம் சார்ந்தது. 12 வயதுக்கு முன்பே தெரியும், வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரியும். மனக்காயம் நடந்த சம்பவத்திலிருந்து வருவது. மாத்திரை கவனத்துக்கு உதவலாம், அந்த இரவின் பயத்தைப் போக்காது. ஆறுதல் பயத்தைக் குறைக்கலாம், வீட்டுப்பாடத்தை முடிக்க வைக்காது. எனவே இரண்டுக்கும் உதவி வேண்டும்.

வீட்டில் செய்ய முடிந்தவை சில. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும், முகம் பார்த்துச் சொல்வது. சாப்பாடு, படிப்பு, தூக்கத்தை முடிந்தவரை ஒரே நேரத்தில் வைப்பது. ஊரில் வெடி போடப்போகிறார்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவைப்பது. கோபம் அடங்கிய பிறகே பேசுவது. அடிக்காமல் இருப்பது, அடி அவனுக்கு அந்த இரவைத்தான் ஞாபகப்படுத்தும்.

ஆனால் விடிகாலையில் துப்புரவு வேலைக்குப் போய் மதியம் திரும்புகிற ஒரு பெண்ணிடம் இந்தப் பட்டியலை மட்டும் கொடுத்துவிட்டு வருவது அநியாயம். பொறுமை என்பது குணம் மட்டுமல்ல, அதற்கு ஓய்வும் வேண்டும், ஆள் துணையும் வேண்டும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், உளவியல் பாதிப்பும் உணர்வுப் பாதிப்பும் அடைந்தவரையும் 'பாதிக்கப்பட்டவர்' என்றே சொல்கிறது. கட்டிலுக்கு அடியில் கிடந்த பிள்ளையும் பாதிக்கப்பட்டவன்தான். ஆனால் நாம் எழுதும் மனுக்களில் உடைந்த ஓடும் டிவியும் பைக்கும் இருக்கும், பிள்ளையின் தூக்கம் இருக்காது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியபோது, தடுக்கப் போன தங்கையும் வெட்டுப்பட்டாள். இப்படி எத்தனை வீடுகளில், வெளியே காயம் தெரியாததாலேயே கணக்கில் வராத பிள்ளைகள் இருக்கிறார்கள்!

மாணவத் தோழர்களுக்கு மூன்று வேலைகள். வன்கொடுமை நடந்த தெருவுக்குப் போனால் பிள்ளைகளின் நிலையையும் மனுவில் எழுதுங்கள். மனநல ஆலோசனையைக் கோரிக்கையாக வையுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் இருக்கும் டி.இ.ஐ.சி. மையம் 18 வயது வரையான பிள்ளைகளுக்கானது. அந்த அம்மாவுடன் ஒருவர் கூடப் போங்கள். அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது என்பதைப் பள்ளியில் எடுத்துச் சொல்லுங்கள்.

அந்தப் பையன் இப்போது எங்கள் மாலை வகுப்புக்கு வருகிறான். வாசல் தெரிகிற இடத்தில்தான் உட்காருவான். அந்த இடத்தை அவனுக்கென்றே விட்டுவைத்திருக்கிறோம்.